மணத்திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டிய கதை. ‘கணினியில் பாட்டுக் கேட்பவர்கள் எந்த டாக் வாங்கலாம்?’ என்று கல்லூரிப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆசிரியர் குழுவுக்கும் அது தெரியும். தெரிந்தவனிடம் கொடுத்தால் பத்துப் பக்கம் வந்துவிடும் என்ற பயத்தில்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

விவரம் கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள், நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா குல்சிம்.

“டாக்கா? அதுக்கு எங்க முயல்காதத்தான் கேக்கணும். என் கொழுந்தன். ஆனா வேணாம் தம்பி, அவர்கிட்ட கேட்டேன்னா நீ பட்டம் வாங்குற வரைக்கும் பேசுவாரு. நானே சொல்றேன், உக்காரு.”

சொன்னார். சொல்லும்போது கையில் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு அதன் தலையை அமுக்கி அமுக்கி ‘டிக்’, ‘டிக்’ என்று சத்தம் செய்துகொண்டே இருந்தார். கதை முடிந்ததும் பேனாவை என் சட்டைப் பையில் செருகிவிட்டார். இந்த வரியை எழுதுவது அந்தப் பேனாதான். அதைக் கடைசியில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. பரவாயில்லை.

முதலில் கட்டுரையை முடித்துவிடுகிறேன். கணினிக்குள் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. காதுக்குக் கணக்கு வராது. எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றி வெளியே அனுப்புகிற சின்னப் பெட்டிதான் டாக். எல்லாக் கணினிக்குள்ளும் மலிவாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது போதாது என்று நினைப்பவர்கள் தனியாக ஒன்று வாங்கி யுஎஸ்பி கம்பியில் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டுரை முடிந்தது. இனி கதை.

2

முதல் தொடக்கம்: ‘அல்மாத்தியில் ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கிய ஒரு—’

வேண்டாம். நான் படிக்க வந்த இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆப்பிளில்தான் தொடங்குகிறார்கள். இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்தது வண்டி நெரிசல்.

இரண்டாம் தொடக்கம்: ‘பெற்ற மகளைவிடத் தன் ஒலிபெருக்கிகளை அதிகமாக நேசித்த—’

இது பொய். அவர் இரண்டையும் நேசித்தார். சிக்கலே அதுதான்.

மூன்றாம் தொடக்கம்: சாயாத் ஒரு பல் மருத்துவர்.

இது உண்மை. குல்சிம் சொன்ன கொழுந்தன் இவர்தான். இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

சாயாத்தின் மருத்துவமனையில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். பல்லைக் குடையும்போதே, “இப்ப வருது பாருங்க, அந்தப் பின்னணிக் குரல் மூச்சு வாங்குறது... கேட்டுச்சா?” என்பார். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர் “ஆ” என்பார். சாயாத் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார். மாற்றுக் கருத்தே எழாத ஓர் அவையில் அவர் இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

மாற்றுக் கருத்து எழுந்தது இணையத்தில். ஒலிப் பிரியர்களுக்கென்று ஒரு விவாதத் தளம் இருந்தது. அதில் சாயாத்தின் பெயர் ‘வெள்ளிக்காது’. அவருடைய எதிரியின் பெயர் ‘சுழியம்’. ஏழு வருடச் சண்டை. சுழியத்தின் கட்சி இது: ஒழுங்காகச் செய்த டாக் எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும், எண்கள் எண்கள்தான். வெள்ளிக்காதின் கட்சி: ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு இருக்கிறது, நல்ல காது இருந்தால் பிடிபடும்.

‘வித்தியாசம் கேட்கிறவர்கள் காதால் கேட்பதில்லை, பர்ஸால் கேட்கிறார்கள்’ என்று சுழியம் எழுதும்.

‘சிலருக்கு ஆண்டவன் காது வைத்தது கண்ணாடியை மாட்டிக்கொள்ள’ என்று வெள்ளிக்காது பதில் போடும்.

அன்றைக்குச் சாயாத்துக்குச் சோறு ருசியாக இருக்கும்.

3

இப்போது ஒரு தற்செயல் வரப்போகிறது. எழுத்துப் பட்டறைகளில் தற்செயலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நான் பட்டறைக்குப் போனதில்லை, போனவர்கள் சொன்னார்கள்.

சாயாத்தின் மகள் ஜான்சாயாவுக்குத் தெமிர்லான் என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா குவானிஷ், ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருப்பவர். பெண் கேட்டு வந்தார். பால் தேநீர் வந்தது, மாவை உருட்டிப் பொரித்த பவுர்சாக் வந்தது. பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் கூடத்து ஒலிபெருக்கிகளில் வந்து நின்றது.

“நல்ல செட்டு வச்சிருக்கீங்க” என்றார் குவானிஷ். “டாக் எது?”

சாயாத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சம்பந்தியாக வரப்போகிறவர் வாயிலிருந்து ‘டாக்’. பழையதை மாற்றலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எதற்கு மாற்றுவது என்று முடிவு செய்ய முடியவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிக் கேட்கிறதே என்றார்.

குவானிஷ் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அட நீங்க வேற. வித்தியாசம் கேக்கறவங்க காதால கேக்கறதில்ல சம்பந்தி, பர்ஸாலதான் கேக்கறாங்க.”

கூடத்தில் பவுர்சாக் மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது. நின்றது இரண்டு வாய்தான் என்றாலும்.

“நீங்க... சுழியமா?” என்றார் சாயாத்.

குவானிஷ் மெல்லத் தன் கண்ணாடியைக் கழற்றினார். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“வெள்ளிக்காது?”

(நம்பாதவர்களுக்கு: இந்த ஊரில் இந்தப் பெட்டிகளை வாங்குகிறவர்கள் ஒரு சிற்றுந்தில் அடங்கிவிடுவார்கள். அவர்கள் சம்பந்தியாகாமல் இருப்பதுதான் கஷ்டம்.)

இருவரும் அன்று மரியாதையாகப் பேசிப் பிரிந்தார்கள். கதவு சாத்தியதும் ஜான்சாயா அப்பாவை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நகை வேணாம், மண்டபம் வேணாம். அவர்கிட்ட சண்டை மட்டும் போடாதீங்க.”

“நான் எங்கடி சண்டை போட்டேன்? அவருக்குக் காது கேக்கல, அத நான்—”

“அப்பா! அவர் கோவப்பட்டாக் கத்தறவர் இல்ல. பேச்ச நிறுத்திடுவாரு. கூடப்பொறந்த தம்பிகிட்ட மூணு வருஷமாப் பேசல. என்ன சண்ட தெரியுமா? வைஃபை பெட்டிய எந்த ரூம்ல வைக்கிறதுன்னு. அந்த வீட்லதான் நான் போய் வாழணும். நீங்க ஒரு பக்கம் எழுதுவீங்க, அவர் ஒரு பக்கம் வாயை மூடிப்பாரு, நடுவுல நான் கஞ்சி குடிக்கணும்.”

சாயாத் மகள் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் ஊசி போடும்போதுகூட அழாதவள். இப்போது கண் கலங்கி நின்றாள்.

“போடல” என்றார். “சத்தியமா.”

4

முறைப்படி சம்பந்தி வீட்டுக்கு வந்தால், சரிகை வேலை செய்த ஷபான் அங்கியை அவர் தோளில் போர்த்தி அனுப்ப வேண்டும். “அங்கியோட சேத்து ஒரு டாக்கும் கொடுத்தா என்ன?” என்று சாயாத் மனைவி மராலிடம் கேட்டார். சமாதானமாக இருக்கும் என்று நினைத்தார்.

மரால் மாவு பிசைந்துகொண்டிருந்தார். “கொடுங்களேன். அங்கி போட்டு மூடிட்டாச் சண்டை வெளிய தெரியாது.”

தேடல் தொடங்கியது. ஒரு மனிதன் டாக் தேடுவதை நீங்கள் பார்த்ததில்லை என்றால், வரன் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். குலம், கோத்திரம், உள்ளே என்ன சில்லு, மின்சாரம் யுஎஸ்பி கம்பியிலேயே எடுத்துக்கொள்ளுமா தனியாகக் கேட்குமா, முன்னால் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள், சொல்கிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன லாபம். சாயாத் நோயாளியின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு ஒரு மதிப்புரை படித்து வருவார். பஞ்சு ஊறிப்போயிருக்கும்.*

கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்று தீப்பெட்டியை இரண்டாக வைத்த அளவு. சோதனைக் கருவிகளில் வைத்து அளந்தவர்கள் எல்லோரும் அதற்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருந்தார்கள். விலையோ சொல்லக் கூச்சப்படும் அளவுக்குக் கம்மி. இன்னொன்று செங்கல் கனம். கடைந்தெடுத்த அலுமினிய உடம்பு, வழுவழுவென்று ஒரு குமிழ். அளந்தவர்கள் ‘பரவாயில்லை’ என்றார்கள், கேட்டவர்கள் கவிதை எழுதினார்கள். குல்சிம் இவற்றுக்கு வைத்த பெயர்கள் ஒல்லி, குண்டு. வேறு பெயர் தேடி நேரம் வீணாக்கவில்லை.

சாயாத்துக்குக் குண்டுவைப் பிடித்திருந்தது. ஆனால் சம்பந்திக்கு எதைக் கொடுப்பது?

ஒல்லியைக் கொடுத்தால், ‘நீங்கள் சொன்னதுதான் சரி’ என்று எழுதிக் கொடுத்த மாதிரி. போதாததற்கு மலிவாக முடித்துவிட்டான் என்ற பெயர் வேறு. குண்டுவைக் கொடுத்தால், ‘இனியாவது காதைத் தீட்டுங்கள்’ என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எதை வாங்கினாலும் அது பரிசாக இல்லை. வாதமாகத்தான் இருந்தது.

அப்படியென்றால் அவரே எடுத்துக்கொள்ளட்டும். எது எதுவென்று தெரியாமல் இரண்டையும் கேட்கட்டும், பிடித்ததைச் சொல்லட்டும், அதையே அங்கியோடு கொடுத்துவிடலாம். கடைக்காரர் பழக்கமானவர், அவருக்கு ஒரு கடைவாய்ப்பல் பாக்கி இருந்தது. இரண்டையும் கேட்டுப் பார்க்கக் கொடுத்தனுப்பினார்.

‘தேர்வைச் சம்பந்தியிடமே விட்டுவிடும் இந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால், அவர் கண்ணை மூடினால் குண்டுவைத்தான் சொல்வார் என்ற அசைக்க முடியாத—’

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். எனக்குச் சாயாத்தைப் பிடிக்கும்.

* கட்டுரைக்குத் தேவைப்பட்டால்: டாக் வாங்குகிறவர்கள் முதலில் தங்கள் ஒலிபெருக்கியைப் பார்க்கவும், பிறகு அறையைப் பார்க்கவும், பிறகு சம்பந்தி எந்தக் கட்சி என்று பார்க்கவும்.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. குல்சிம்.

அவர் சொல்லும் எல்லாக் கதைகளிலும் அவரே புத்திசாலி. மற்றவர்கள் கதவில் இடித்துக்கொள்கிறார்கள். அவர் சாயாத்தின் அண்ணன் மனைவி. இங்கே மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வாள். குல்சிம் வந்த அன்று சாயாத் பள்ளிக்கூடப் பையன், காது இரண்டும் தலைக்கு வெளியே நின்றன. ‘முயல்காது’ என்று வைத்தார். தலை வளர்ந்து காதை எட்டிப் பிடித்துவிட்டது, பெயர் மாறவில்லை. இப்படி ஒரு பொருத்தமான பெயர் தானாக அமையுமா, கதைக்காகப் பிறகு வைத்ததா என்று கேட்டேன். “உனக்கு என்ன பேரு வச்சிருக்கேன்னு தெரியுமா?” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பந்தி தெமிர்லானையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாயாத் காலையிலிருந்து தயார். இரண்டு பெட்டியையும் கணினியில் மாட்டி, இரண்டிலிருந்தும் ஒரு சின்ன சுவிட்சுக்குக் கம்பி இழுத்து, சுவிட்சிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கொடுத்திருந்தார். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் ஒல்லி, மறுபக்கம் தட்டினால் குண்டு. இரண்டின் சத்தமும் ஒரே அளவா என்று கருவி வைத்து அளந்து சரி செய்திருந்தார். சத்தம் துளி கூடினாலும் கூடின பக்கத்துக்கே காது ஓட்டுப் போட்டுவிடும். இந்த நேர்மையை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறைப்புக்கு ஒன்று வேண்டியிருந்தது. வீட்டில் புதிதாகத் தைத்து வைத்திருந்தது ஜான்சாயாவின் மணத்திரை. கல்யாணத்தன்று மணப்பெண்ணை மறைக்கிற திரை, சிவப்புப் பட்டில் தங்கக் குஞ்சம். அதைக் கூடத்தில் குறுக்கே கட்டினார்கள். அதன் பின்னால், மேசை மேல், ஒல்லியும் குண்டுவும் முகம் காட்டாமல் உட்கார்ந்திருந்தன.

சுவிட்சை யார் தட்டுவது? மரால் அடுப்படியில் கறிப் பானையோடு நின்றார். ஜான்சாயா பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். மிச்சம் இருந்தது அண்ணி.

“ஒண்ணும் பெரிசில்ல அண்ணி. நான் ‘ம்’னு சொன்னதும் இத ஒரு தட்டு. ‘டிக்’னு கேக்கும். நீங்க எதுவும் பேசக் கூடாது. நடுநிலை.”

“நடுநிலைதானே” என்றார் குல்சிம். “பிறந்ததுலேர்ந்து அதான் பண்றேன்.”

இங்கேதான் சாயாத் தப்புச் செய்தார். இந்த ஊரில் பிறந்து, ஊர்க் கல்யாணம் எல்லாம் சாப்பிட்டு, பிறகு ஒரு வருடம் மதிப்புரை மட்டுமே படித்த ஒருவரால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் பெண் வீட்டு அண்ணிமார் என்ன செய்வார்கள்? உட்கார்ந்திருக்கும்போதே அவர் கோட்டு ஓரத்தை மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். எழுந்தால் மெத்தையும் எழும். முகத்தில் மாவு பூசுவார்கள். அபராதம் கொடுத்தால்தான் விடுதலை. அது அவமானம் இல்லை, வரவேற்பு. சீண்டாமல் அனுப்பினால்தான் சம்பந்தி கோபித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஒரு நாளில், அப்படிப்பட்ட ஓர் அண்ணியைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, நடுநிலையாக இருக்கச் சொன்னார் சாயாத்.

6

தோம்ப்ரா வாசிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டே கம்பி, ஒரே ஆள், வேறு வாத்தியம் இல்லை. ஒளிந்துகொள்ள இடமில்லாத இசை.

“சம்பந்தி, நான் ஒரு வார்த்தகூடச் சொல்லமாட்டேன்” என்றார் சாயாத். “உங்க காது, உங்க முடிவு.”

“என் முடிவ ஏழு வருஷமா எழுதிட்டு வரேனே” என்றார் குவானிஷ். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜான்சாயா கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

“ம்.”

திரைக்குப் பின்னால் ‘டிக்’. தோம்ப்ரா ஒலித்தது. நின்றது.

“இது முதல். ம்.”

‘டிக்’. அதே வாசிப்பு.

பாதியில் சாயாத்தால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டேன் என்றவர் சம்பந்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப... இப்ப வருது பாருங்க... நகம்! விரல் நகம் மரத்துல உரசுது! முதல்ல இது இருந்துச்சா?”

“அப்பா!” என்றாள் ஜான்சாயா.

“சரி, சரி. நான் சொல்லல.”

குவானிஷ் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். “இன்னொரு தடவ போடும்மா.”

‘டிக்’. ‘டிக்’. முதலும் இரண்டாவதும் மறுபடி ஒலித்து முடிந்தன. அடுப்படியிலிருந்து கறி வேகும் வாசனை வந்தது. குவானிஷ் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“ரெண்டாவது.”

“என்னது?”

“ரெண்டாவதுதான் நல்லா இருக்கு. வித்தியாசம்... இருக்கு சம்பந்தி. நான் எழுதுனதெல்லாம்...” கையை ஒருமுறை அசைத்தார். “சரி, விடுங்க. மனுஷன் தப்பாச் சொல்றதுதான்.”

தெமிர்லான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். அவன் வாழ்நாளில் கேட்டிராத வாக்கியம் அது. ஜான்சாயா நகத்தை விட்டுவிட்டு மூச்சை விட்டாள்.

சாயாத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏழு வருடம்! ஓடிப்போய்த் தளத்தில் எழுதலாம். ஆனால் அவர் எழுந்துபோய்ச் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். இந்த இடத்தைக் கிண்டலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

7

அடுப்படி. குல்சிம் சுவரில் சாய்ந்து, முந்தானை இல்லாத குறையை ஒரு கைத்துண்டால் தீர்த்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மரால் பானை மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“என்ன அண்ணி?” என்றபடி சாயாத் உள்ளே வந்தார்.

குல்சிம் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். அமுக்கினார். ‘டிக்’.

சாயாத்துக்குப் புரியவில்லை. மறுபடி ‘டிக்’. புரிந்தது.

“சுவிட்ச நான் தொடவே இல்ல முயல்காது. நாலு தடவையும் இதான்.”

“அப்ப... எது பாடிச்சு?”

“நீங்க காலைல எதுல விட்டுட்டுப் போனீங்களோ அதுதான். ஒல்லி.”

“ரெண்டாவதும்?”

“ரெண்டாவதும் ஒல்லி. மூணாவதும் ஒல்லி. குண்டு சும்மா உக்காந்து கேட்டுட்டு இருந்துச்சு, சம்பந்தி மாதிரி. சரி தள்ளுங்க, நான் போய்ச் சொல்லி அபராதம் வாங்கணும்.”

சாயாத் கதவை மறித்துக்கொண்டார். “வேணாம் அண்ணி.”

“ஏன் வேணாம்? சம்பந்திய நாங்க ஏமாத்தலன்னா அப்புறம் அண்ணின்னு எதுக்கு இருக்கோம்? கோட்ட மெத்தையோட தச்சா எல்லாரும் சிரிக்கறீங்க. காத மெத்தையோட தச்சாச் சிரிக்க மாட்டீங்களா?”

சாயாத் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் நிலைமையை நீங்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சொன்னால், சம்பந்தி ஏழு வருடமாகச் சொன்னதுதான் சரி என்றாகும். அந்தப் பெருமை அவருக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் அதே மூச்சில், மகன் எதிரில், மருமகள் எதிரில், இல்லாத வித்தியாசத்துக்கு அவர் தலை குனிந்தார் என்றும் ஆகும். அந்த அவமானத்தில் சம்பந்தி வாயை மூடிக்கொண்டால்? மூடிக்கொண்டார் என்றால், தம்பியிடம் போல மூன்று வருடம். சொல்லாவிட்டால், குண்டுவை அங்கிக்குள் வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் போகிற முதல் பரிசே பொய்யாகப் போகும். தப்பே செய்யாத மனுஷர் தினமும் அதைப் பார்த்து, ‘நான்தான் தப்பு’ என்று நினைத்துக்கொள்வார்.

இவ்வளவுக்கும் நடுவில், இன்னொரு சின்ன முள்.

“ஆனா நகம்...” என்றார் சாயாத். “நகம் உரசுறது எனக்குக் கேட்டுச்சே மரால். சத்தியமாக் கேட்டுச்சு. ரெண்டாவதுலதான் கேட்டுச்சு.”

மரால் மூடியைப் பானை மேல் வைத்தார். “உங்களுக்கு எதுவுமே ரெண்டாவது தடவைதான் கேக்கும். நான் சொல்றதும் அப்படித்தானே?”

சாயாத் மனைவியைப் பார்த்தார். “என்ன சொன்ன?” என்றார்.

குல்சிம் மறுபடி கைத்துண்டைத் தேடினார்.

8

அடுத்து வருவது கறி. இதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. நடந்தது இதுதான் என்று குல்சிம், மரால், தெமிர்லான் மூவரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள்.

வேகவைத்த ஆட்டுத் தலையைத் தட்டில் வைத்துப் பெரிய விருந்தாளி முன்னால் வைப்பார்கள். அவர் அதை அறுத்துப் பங்கு வைப்பார். காது எப்போதும் சின்னப் பிள்ளைகளுக்கு. நன்றாகக் கேட்டு வளரட்டும், பெரியவர் பேச்சைக் காதில் வாங்கட்டும் என்று.

தலை குவானிஷ் முன்னால் வந்தது. கத்தியை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு காதை நிதானமாக அறுத்தார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சின்னப் பிள்ளை யாரும் இல்லை. திரையைப் பார்த்தார். திரைக்குப் பக்கத்தில் ஒன்றும் அறியாத முகத்தோடு நின்ற குல்சிமைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அந்தக் காதைச் சாயாத் தட்டில் வைத்தார்.

இன்னொரு காதை அறுத்தார். தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார்.

“நல்லா வெந்திருக்கு” என்றார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை அதிகம் இல்லை.

அவருக்குத் தெரியுமா? எனக்கு மூன்று சாத்தியங்கள் தோன்றின. (அ) பேனாவின் ‘டிக்’கும் சுவிட்சின் ‘டிக்’கும் ஒன்றல்ல என்று, வித்தியாசமே கேட்காதவர் என்று பெயர் வாங்கிய அந்தக் காது முதல் தடவையே பிடித்துவிட்டது. ‘ரெண்டாவது’ என்றது மருமகளுக்காக. (ஆ) அவருக்கு நிஜமாகவே நகம் கேட்டது. சாயாத் முழங்கையைப் பிடித்துச் சொன்ன பிறகு யாருக்குத்தான் கேட்காது? காதைப் பங்கு வைத்தது வெறும் மரியாதை. (இ) இதை எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை, அடித்துவிட்டேன். அதில் அவர் அழுதார்.

சாயாத் தட்டில் இருந்த காதைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். காதைத் தின்றார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு காதை மென்றுகொண்டு, வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யார் முதலில் சிரித்தது என்பதில் மட்டும் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை.

9

கிளம்பும் நேரம் வந்தது. மரால் ஷபான் அங்கியைக் கொண்டுவந்தார். பரிசைச் சுற்றி எடுத்து வரச் சாயாத் தனியாகத் திரைக்குப் பின்னால் போனார்.

மேசை மேல் இரண்டு பெட்டிகள். ஒல்லியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குண்டுவுக்குக் கொடுத்தால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, வெளியே எல்லோரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஒல்லியை எடுத்தால்—

மேலே உள்ள வாக்கியத்தில் ‘குண்டுவைக் கொடுத்தால்’ என்று இருக்க வேண்டும். பிழையைத் திருத்தாமல் விடுகிறேன், இந்த இடத்தில் என் கையும் கொஞ்சம் தடுமாறியது உங்களுக்குத் தெரியட்டும்.

ஒல்லியை எடுத்தால், எடுத்ததே வாக்குமூலம். பெட்டியைப் பிரித்துப் பார்த்த கணத்தில் சம்பந்திக்கு எல்லாம் விளங்கிவிடும்: என்ன நடந்தது என்றும், யார் சொன்னது சரி என்றும், அதை ஒத்துக்கொண்டது யார் என்றும். ஒரு வார்த்தை பேசாமல். பேச்சை நிறுத்தும் மனிதருக்கு அதுவே புரிகிற பாஷையாக இருக்கலாம். அல்லது மூன்று வருடம்.

திரைக்கு வெளியே ஜான்சாயா எதற்கோ சிரித்தாள். சாயாத் கையை நீட்டினார்.

நான் இங்கே நின்றுகொள்கிறேன். கல்யாணம் நடந்தது, அதை நான் சாப்பிட்டே உறுதி செய்துகொண்டேன். இரண்டு சம்பந்திகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பாட்டுக் கச்சேரியின் ஒலிபெருக்கி சரியில்லை என்று ஒன்றாகத் திட்டினார்கள். ஆனால் அன்றைக்கு அங்கிக்குள் எந்தப் பெட்டி போனது என்று கேட்டால் குல்சிம் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்கிறார். சாயாத்திடம் கேட்டேன், வாயைத் திறக்கச் சொன்னார், ஒரு சொத்தைப் பல் இருப்பதாகச் சொல்லிக் குடையத் தொடங்கிவிட்டார். குவானிஷிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

எனவே எந்த டாக் என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுரையும் அதைத்தான் சொல்லியிருக்கும். அவசரப்பட வேண்டாம், ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யவும் வேண்டாம். முதல் வரிக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை படியுங்கள். நான் பேனாவை ஒருமுறை அமுக்குகிறேன்.

டிக்.

இரண்டாவது தடவை கொஞ்சம் நன்றாக இருப்பதாகத் தோன்றினால், நான் எதையும் தொடவில்லை.